பகடையும் பகுத்தறிவும்



இன்று நான் ஒரு விளையாட்டைப் பற்றிப் பேசப் போகிறேன். வேலையற்ற பேச்சென்று சிலர் எண்ணலாம். பொறுத்துக் கேட்டு, உங்கள் புத்திக்குச் சரியென்று பட்டதை மட்டும் ஒப்புக் கொள்ளுங்கள்.

1974ல் அமெரிக்காவில் கேரி கைகாக்ஸ், டேவ் ஆர்னிசன் என்னும் இருவரின் உழைப்பால் "டஞ்சன்ஸ் அண்ட் டிராகன்ஸ்" என்றொரு ஆட்டம் வெளிவந்தது. நாலைந்து பேர் மேஜையைச் சுற்றி உட்காருகிறார்கள். ஒருவர் கதையை நடத்துகிறார். மற்றவர்கள் ஆளுக்கொரு வேஷம் எடுத்துக்கொண்டு, "நான் இன்னது செய்கிறேன்" என்று சொல்லுகிறார்கள். காரியம் பலிக்குமா என்பதைப் பகடை தீர்க்கிறது. பகடை என்றதும் சூது என்று பயப்படாதீர்கள். இதில் பந்தயப் பணம் இல்லை. ஒருவன் ஜெயிக்க மற்றவன் தோற்க வேண்டுமென்பதும் இல்லை. எல்லோரும் கூடியே காரியத்தைச் சாதிக்க வேண்டும்.

இதனால் என்ன லாபம் என்று கேட்பீர்கள். முதலாவது, கணக்கு. அதன் முக்கியப் பகடைக்கு 20 முகம். 15ம் அதற்கு மேலும் விழ வேண்டுமானால், 6 முகந்தான் அனுகூலம். அதாவது நூற்றுக்கு 30. வேஷதாரிக்குப் பழக்கத்தால் 3 எண் கூடுமானால், 12 விழுந்தாலும் போதும். நூற்றுக்கு 45 ஆகிவிடுகிறது. பிரார்த்தனையால் ஒரு முகமும் கூடாது, தேர்ச்சியால் கூடுகிறது. தலைவிதி என்று உட்கார்ந்திருப்பவனுக்கு இதைவிட என்ன பாடம் வேண்டும்?

இரண்டாவது, பேச்சு. நாலு பேர் முன் வாய் திறக்கக் கூசுகிறவன், வேஷத்தின் மறைவில் பேசத் துணிகிறான். மூன்றாவது, பிறர் நிலையில் நின்று பார்ப்பது. நாள்தோறும் அதிகாரம் செய்கிறவன் ஒரு மாலைப் பொழுதாவது அடிமையின் வேஷம் போட்டுப் பார்க்கட்டுமே!

இப்படிப்பட்ட ஆட்டத்துக்கு அந்நாட்டில் என்ன பெயர் சூட்டினார்கள் தெரியுமா? பிசாசு ஆட்டம்! 1979ல் மிச்சிகனில் ஒரு கல்லூரி மாணவன் காணாமற் போனான். உடனே ஆட்டத்தின் மீது பழி போட்டார்கள். பத்திரிகைகளும் அதையே பரப்பின. உண்மையில் அவனை வாட்டியது மன வேதனை. ஆனாலும் 1983ல் ஆட்டத்தை எதிர்க்கவே ஒரு சங்கம் தோன்றிற்று. பாதிரிமார் சிலர் அதிலுள்ள மந்திரங்கள் பிள்ளைகளைக் கெடுக்குமென்று பிரசங்கம் செய்தார்கள். அந்த மந்திரமோ, காகிதத்தில் எழுதிய எண்ணைத் தவிர வேறில்லை.

தோழர்களே, பிசாசின் மேல் பழி போடுவதால் பிசாசுக்கு ஒரு நஷ்டமுமில்லை. பிள்ளையின் துக்கத்தை விசாரிக்காமல் விட்டு விடுகிறோமே, அதுதான் நஷ்டம். ஆகவே, உங்கள் பிள்ளைகள் புதிதாக எதை ஆடினாலும், தடுப்பதற்கு முன் பக்கத்தில் உட்கார்ந்து, "இது என்ன?" என்று கேளுங்கள். முடிந்தால் நீங்களும் ஒரு வேஷம் எடுத்து ஆடிப் பாருங்கள்.