பழைய டிராக்டரும் பாட்டரியும்



மழை பெய்து நிலம் உழவுக்குப் பதமாக இருக்கிறது. டிராக்டரின் சாவியைத் திருப்பினால் 'டக்' என்ற ஓசை மட்டும் எழுகிறது, இயந்திரம் ஓடவில்லை. உடனே பாட்டரி கெட்டுவிட்டதென முடிவு செய்து, கடன் வாங்கியாவது புதியதொன்றை வாங்கிவிடுகிறோம். சில நாட்களில் அதே 'டக்' ஓசை மீண்டும் கேட்கிறது. குறை பாட்டரியில் இல்லாமல் கம்பியில் இருந்தால் வேறென்ன நேரும்? ஆகவே, கடைக்குப் புறப்படுமுன் செய்ய வேண்டிய சோதனைகளை இங்கே கூற விரும்புகிறோம்.

முதலில் முன்விளக்கை எரியவிட்டுச் சாவியைத் திருப்ப வேண்டும். விளக்கு அறவே மங்கினால் பாட்டரியில் சக்தி குறைந்திருக்கலாம். அல்லது இணைப்பு பழுதாகியிருக்கலாம். விளக்கு சிறிதும் மங்காவிட்டால் மின்சாரம் செல்ப் மோட்டாரை அடையவில்லை என்பது பொருள். அப்போது சாவி சுவிட்சையும் சொலினாய்டையும் பார்க்க வேண்டும்.

பாட்டரியின் முனைகளில் வெள்ளையாகவோ நீலமாகவோ உப்புப் பூத்திருந்தால், ஆப்பச் சோடாவை நீரில் கரைத்து, பாட்டரிக்குள் புகாதவாறு கழுவி, கம்பி பிரஷால் பளபளக்கத் தேய்த்து, இறுக முடுக்கி, வாசலின் தடவ வேண்டும். வண்டியின் உடலோடு சேரும் எர்த் கம்பியை முதலிற் கழற்றி, கடைசியில் மாட்டுவது முறை. சார்ஜ் ஏறும் பாட்டரியிலிருந்து ஹைட்ரஜன் வாயு வெளிவருவதால் அருகே பீடி பற்றவைத்தல் கூடாது.

அந்த எர்த் கம்பிதான் பெரும்பாலோர் கவனிக்காத இடம். அது பொருந்துமிடத்தில் துருவும் சேறும் பெயின்டும் சேர்ந்துவிடுகின்றன. செல்ப் மோட்டார் இழுப்பதோ நூற்றுக்கணக்கான ஆம்பியர்! ஆதலால் சிறு தடையும் அதைச் செயலிழக்கச் செய்துவிடும். மீட்டரின் ஒரு முனையைப் பாட்டரியின் எர்த் முனையிலும், மறு முனையை இஞ்சினின் சுத்தமான இரும்பிலும் வைத்து, இன்னொருவரைச் சாவியைத் திருப்பச் சொல்லிப் பார்க்கலாம். அரை வோல்ட்டுக்கு மேல் காட்டினால் குற்றவாளி அகப்பட்டுவிட்டான்.

12 வோல்ட் பாட்டரி முழுச் சார்ஜுடன் ஓய்வாக இருக்கையில் சுமார் 12.6 வோல்ட் காட்டும். இஞ்சின் ஓடும்போது 14 வோல்ட்டை ஒட்டி ஏறாவிட்டால் பெல்ட்டின் தளர்வையும், டைனமோ அல்லது ஆல்டர்னேட்டரையும் சோதிக்க வேண்டும். திராவகம் குறைந்திருந்தால், தகடுகள் மூழ்குமளவு வடிநீர் மட்டும் ஊற்றுவதே சரி. புதுத் திராவகம் ஊற்றலாகாது.

மிகப் பழைய வண்டிகளில் மற்றொரு சங்கடம் உண்டு. 1946 முதல் 1956 வரை இங்கிலாந்தில் தயாரான பெர்குசன் டி.இ.20 வகையில் பாட்டரியின் நேர்முனையே உடலோடு இணைக்கப்பட்டிருந்தது. பின்னர் எவரேனும் மாற்றியும் இருக்கலாம். எனவே, கழற்றுமுன் எந்தக் கம்பி எந்த முனைக்குரியது என்று குறியிட்டுக்கொள்வது நலம்.

இனி, உயிரைப் பற்றிய செய்தி. சாவி வேலை செய்யாதபோது தரையில் நின்றபடியே செல்ப் மோட்டாரின் முனைகளை ஸ்க்ரூ டிரைவரால் இணைத்து ஓடவிடும் வழக்கம் பல ஊர்களில் இருக்கிறது. வண்டி கியரில் இருந்தால் அது அக்கணமே பாய்ந்து, அருகில் நிற்பவர்மீது பின்சக்கரம் ஏறிவிடும். இவ்வாறு மாண்டவர்கள் பல நாடுகளில் உண்டு. பஞ்சாயத்தோ கூட்டுறவுச் சங்கமோ வாடகைக்கு விடும் டிராக்டராயின், சாவி சுவிட்சு சீராகும்வரை அதை வயலுக்கு அனுப்பாதிருக்க வேண்டும்; மோட்டார் முனைகளை மூடும் உறை கழன்றிருந்தால் அதையும் அப்போதே மாட்டிவிட வேண்டும்.