விஞ்ஞானிகளும் கடவுள் நம்பிக்கையும்



சென்ற ஆண்டு இவ்விழாவில் பேசிவிட்டு மேடையினின்று இறங்கியபோது, பௌதிகம் பயிலும் மாணவர் ஒருவர் என்னை அணுகி, "ஐயா, விஞ்ஞானிகள் எவருமே கடவுளை நம்புவதில்லையாமே?" என்று வினவினார். அருகில் நின்ற முதியவரோ, "தம்பி, பெரிய விஞ்ஞானிகள் எல்லாருமே நம்புகிறவர்கள்தாம்" என்றார். இருவர் கூற்றும் பிழையாகும். இதனை எண்ணிக் கணக்கிட்டவர்கள் உளர்.

அமெரிக்க நாட்டில் பிரின் மார் கல்லூரியில் உளநூற் பேராசிரியராக விளங்கியவர் ஜேம்ஸ் லூபா. அவர் 1914ஆம் ஆண்டில் அந்நாட்டு விஞ்ஞானிகள் ஆயிரவருக்கு வினாத்தாள் விடுத்தார். விடை பகர்ந்தோருள் நூற்றுக்கு 42 பேர் அளவில் கடவுளை நம்பினர். கல்வி பெருகப் பெருக இந்நம்பிக்கை தேயும் என்பது அவர் கருத்து. 1996இல் வரலாற்றாசிரியர் எட்வர்டு லார்சனும் பத்திரிகையாளர் லாரி விதமும் அதே வினாவை மீண்டும் விடுத்தனர். நம்பினோர் நூற்றுக்கு 39 பேர்! எண்பது ஆண்டுகளில் தேய்ந்தது அவ்வளவே.

இது கேட்டு நாம் மகிழ்ந்துவிடலாகாது. அவ்விருவரே அமெரிக்கத் தேசிய அறிவியற் கழகத்தின் உறுப்பினர்களையும் வினவி, 1998இல் முடிவை வெளியிட்டனர். அங்கே நம்பினோர் நூற்றுக்கு 7 பேரே. உயிரியலாரிடை இன்னும் குறைவு. கணித வல்லுநரிடை அதன் இருமடங்கு. இவ்வுண்மையை அடியார் திருக்கூட்டத்தில் மறைத்துப் பேசுதல் அழகன்று.

ஆயினும், கேட்கப்பட்ட வினா யாது? வேண்டுவோர்க்கு விடையளிக்கும் கடவுளை, அவ்விடையும் வேண்டுவோன் மனத்தில் தோன்றும் அமைதி மட்டுமன்றி அதற்கு மேற்பட்டதாய் அமையும் என எதிர்பார்த்து வேண்டத்தக்க கடவுளை, நம்புகிறீரா என்பதே. பயன் ஒன்றும் கருதாது திருவடியை நினைந்திருக்கும் அடியார் ஒருவரிடம் இத்தாளைக் கொடுத்தால் எங்கே குறியிடுவார்? நம்பாதார் கணக்கில் அவரையும் சேர்த்துவிடுவார்கள் போலும்!

பின்னர் எலைன் ஹோவர்டு எக்லண்டு என்னும் சமூகவியல் அறிஞர், அந்நாட்டின் உயர்ந்த பல்கலைக்கழகங்கள் 21இல் ஏறத்தாழ 1,700 பேரிடம் கேட்டறிந்தார். பலருடன் நேரில் அமர்ந்து நெடிது உரையாடவும் செய்தார். சமயம் பேணாத இல்லங்களில் வளர்ந்தோர் பொதுமக்களிடையே உள்ளதைவிட அவர்களிடையே மிகுதி எனக் கண்டார். ஆய்வுக்கூடம் நம்பிக்கையைப் பறித்தது என்று நாம் எண்ணுகிறோம். பிறந்து வளர்ந்த வீட்டிலேயே பாதி முடிவாகிவிடுகிறது.

அம்மாணவர் இதோ முன்வரிசையில் அமர்ந்திருக்கிறார். தம்பி, இன்னும் ஐயம் இருப்பின் அர்த்தசாமப் பூசை முடிந்ததும் வாருங்கள். அப்பெரியவரும் இங்கேதான் இருக்கிறார்.