முதல் சோதனை யாருக்கு?

கல்யாணமாகி ஆறு மாதம் கழிந்தால் நம் வீடுகளில் ஒரு கேள்வி கிளம்பிவிடும்: "என்னம்மா, ஏதாவது விசேஷமா?" கேட்பது எப்போதும் பெண்ணிடம்தான். பக்கத்தில் உட்கார்ந்து காபி குடிக்கிற கணவரிடம் யாரும் கேட்பதில்லை. வருடம் ஒன்றானால் கேள்வி விரதமாகும். 'சஷ்டியில் இருந்தால் அகப்பையில் வரும்' என்பார்கள். பட்டினியும் அவளுக்கு, அகப்பையும் அவளுடையது. பிறகு மருத்துவமனை. அங்கும் பல நேரம் இதே வரிசைதான்: ஸ்கேன், ஹார்மோனுக்கு ரத்தப் பரிசோதனை, கருக்குழாயில் அடைப்பு உண்டா என்று பார்க்கக் கருப்பைக்குள் மருந்து செலுத்தி எடுக்கிற எக்ஸ்ரே. அந்த மேஜையில் படுத்து எழுந்த பெண்களுக்கு அடிவயிறு எப்படி இழுத்துப் பிடிக்கும் என்று தெரியும். இவ்வளவும் முடிந்த பிறகுதான், 'வீட்டுக்காரரையும் ஒரு தடவை பார்த்துவிடலாமா' என்ற பேச்சு தயங்கித் தயங்கி வரும். இந்த வரிசை தப்பு. முதல் நாளே இருவரையும் பார்க்க வேண்டும். பெண்ணுக்கு வலிக்கிற சோதனை எதுவும் தொடங்குவதற்கு முன் ஆணின் விந்துப் பரிசோதனை முடிந்திருக்க வேண்டும்.

காரணம் இருக்கிறது. உலகில் ஏறக்குறைய ஆறு பேரில் ஒருவர் வாழ்நாளில் ஒரு கட்டத்தில் குழந்தையின்மையைச் சந்திக்கிறார் என்று உலக சுகாதார நிறுவனம் 2023-இல் சொன்னது. குழந்தையில்லாத தம்பதிகளில் கிட்டத்தட்ட பாதிப் பேரிடம் ஆண் பக்கக் காரணம் தனியாகவோ, பெண் பக்கக் காரணத்தோடு சேர்ந்தோ இருக்கிறது. பாதி என்றால் அது அபூர்வமல்ல. சோதனையோ எளிது. ஊசி கிடையாது, கத்தி கிடையாது, செலவும் குறைவு. ஒரு சின்ன டப்பாவும் ஒரு மைக்ராஸ்கோப்பும் போதும். 1677-இல் டெல்ஃப்ட் நகரத்துத் துணி வியாபாரி லேவன்ஹூக் தன் கையால் செய்த லென்ஸ் வழியாக விந்தணு நெளிவதைப் பார்த்துவிட்டார். அவர் பார்த்ததை இன்றைக்கும் நாம் பார்க்கத் தயங்குகிறோம்.

விந்தணு உருவாகும் விதத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல ஆசைப்படுகிறேன். கேட்டால் நீங்களும் வியப்பீர்கள். உடம்பின் மற்ற முக்கிய உறுப்புகளெல்லாம் உள்ளே பத்திரமாக இருக்க, விரைகள் மட்டும் வெளியே ஒரு பையில் தொங்குகின்றன. விந்தணு உற்பத்திக்கு உடம்புச் சூட்டைவிட இரண்டு, மூன்று டிகிரி குறைவான சூடு வேண்டும் என்பதால்தான் இந்த ஏற்பாடு. குளிரடித்தால் பை சுருங்கி மேலே ஏறும், வெயிலில் தளர்ந்து இறங்கும். ஒரு விந்தணு முழுசாக உருவாக ஏறக்குறைய 74 நாள் ஆகிறது. நம் உளுந்து விதைத்து அறுக்கிற காலம் என்று வைத்துக்கொள்ளுங்கள். அதன்பின் விரையின் முதுகில் சுருண்டு கிடக்கும், நீட்டினால் ஆறு மீட்டர் வரும் ஒரு குழாயில் ஊர்ந்து, நீந்தும் திறனைப் பெற வேண்டும். ஆக, இன்று வெளிவரும் விந்து இரண்டரை, மூன்று மாதத்துக்கு முன் போட்ட விதை. போன மாதம் கடும் காய்ச்சலில் படுத்தவருக்கு இந்த மாதம் எண்ணிக்கை சரிந்திருக்கலாம். அதனால்தான் ஒரு ரிப்போர்ட்டை வைத்துத் தீர்ப்பு எழுதக் கூடாது. குறை தெரிந்தால் இடைவெளி விட்டு மறுபடி பார்க்க வேண்டும்.

"அவருக்கு என்ன குறை? ஆள் நன்றாகத்தானே இருக்கிறார்" என்பது முதலில் வருகிற மறுப்பு. இந்தக் குழப்பத்துக்கு நம் மொழியும் ஒரு காரணம். 'ஆண்மைக் குறைவு' என்று சுவரெல்லாம் விளம்பரம் எழுதி, மாதாமாதம் லாட்ஜில் ரூம் போட்டு வைத்தியம் பார்க்கிறவர்கள் உடலுறவுத் திறனையும் விந்தணு எண்ணிக்கையையும் ஒரே சாக்கில் போட்டுக் கட்டிவிட்டார்கள். இரண்டும் வேறு வேறு. ஆசையையும் மீசையையும் தருகிற டெஸ்டோஸ்டிரோனை விரையில் ஒருவகைச் செல்கள் சுரக்கின்றன. விந்தணு உருவாவது அதே விரையின் நுண்குழாய்களில். வெளிவரும் திரவத்தில் பெரும்பங்கு விந்துப்பையும் புராஸ்டேட்டும் சுரப்பது; விந்தணுவின் பங்கு நூற்றில் ஐந்துகூடத் தேறாது. ஒரு விந்தணுகூட இல்லாத விந்தும் கண்ணுக்கு அப்படியேதான் தெரியும். இன்னொரு கொடுமை, கட்டுடலுக்காக ஜிம்மில் டெஸ்டோஸ்டிரோன் ஊசி போட்டுக்கொள்வது. வெளியிலிருந்து ஹார்மோன் வந்ததும் மூளை விரைகளுக்குக் கொடுக்கும் கட்டளையை நிறுத்திவிடும். புஜம் பெருக்கும், விந்தணு வற்றும்.

"தெரிந்துதான் என்ன செய்ய, ஆணுக்கு வைத்தியம் கிடையாதே" என்பது இன்னொரு மறுப்பு. அதுவும் சரியல்ல. குழந்தையில்லாத ஆண்களில் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவர்களிடம் காணப்படுவது வெரிகோசீல் என்ற ரத்தநாளப் புடைப்பு. பெரும்பாலும் இடப்பக்கம்தான் வரும். வலது விரையின் நாளம் பெருஞ்சிரையில் சாய்வாகப் போய்ச் சேர, இடது நாளமோ சிறுநீரகச் சிரையில் நேர்க்குத்தாக முட்டுகிறது. ரத்தம் தேங்க அது வசதி. நிற்கும்போது பைக்குள் புழுக்கள் சுருண்டிருப்பது போல் விரலுக்குத் தட்டுப்படும், படுத்தால் அடங்கிவிடும். தேவைப்பட்டவர்களுக்குச் சிறிய அறுவை சிகிச்சையில் சரிசெய்கிறார்கள். ஜிம் ஊசியால் விந்தணு வற்றியவர்களில் பலருக்கு அந்த ஊசியை நிறுத்தினால் சில மாதங்களில் திரும்பி வருகிறது. எண்ணிக்கை மிகக் குறைந்தவர்களுக்கு ஒற்றை விந்தணுவைக் கருமுட்டைக்குள் செலுத்தும் முறை 1992 முதல் இருக்கிறது.

நியாயமான ஒரு மறுப்பும் உண்டு. பெண்ணுக்கு வயது ஏற ஏற முட்டைகள் குறையும், அதனால் அவளைத்தானே அவசரமாகப் பார்க்க வேண்டும் என்பார்கள். அவசரம் உண்மைதான், 35 தாண்டிய பெண் ஆறு மாதத்துக்கு மேல் காத்திருக்கவே கூடாது. அந்த அவசரத்தாலேயே, கணவரைச் சோதிக்காமல் அவளுக்கு மட்டும் மாத்திரை கொடுத்து ஒரு வருடத்தைக் கரைப்பது பெரிய நஷ்டம். பி.சி.ஓ.எஸ்., தைராய்டு, எண்டோமெட்ரியோசிஸ் எல்லாம் பார்க்கப்பட வேண்டியவையே. அவற்றுக்குத் தனியாக ஒரு நாள் வேண்டும், இன்று நேரமில்லை.

ரிப்போர்ட் வாங்கும் ஆண்களுக்கு ஒரு வார்த்தை. 'இயல்பான வடிவம் 4 சதவீதம்' என்று பார்த்ததும் மீதி 96-ம் பழுதா என்று நடுங்காதீர்கள். உலக சுகாதார நிறுவனத்தின் கணக்கில் கீழ் எல்லையே அந்த நாலுதான். ஒரு மில்லி லிட்டரில் ஒரு கோடியே அறுபது லட்சம் விந்தணு என்பதும் கீழ் எல்லைதான். அதற்குக் கீழே இருந்தும் அப்பாவானவர்கள் உண்டு, மேலே இருந்தும் காத்திருப்பவர்கள் உண்டு.

நேரம் முடியப்போகிறது. சோதனைக்கு முன் விந்து வெளியேறாமல் இரண்டிலிருந்து ஏழு நாள் இடைவெளி வேண்டும். ஆய்வகத்தில் கூச்சமாக இருந்தால், கேட்டுக்கொண்டு வீட்டிலேயே எடுத்து, சட்டைப்பையில் உடம்புச் சூட்டோடு, ஒரு மணி நேரத்துக்குள் கொண்டுபோய்ச் சேர்க்கலாம். மருமகளை டாக்டரிடம் கூட்டிப்போகப் புறப்படும் மாமியார்களே, வண்டியில் இன்னொரு இடம் இருக்கிறது, மகனையும் ஏற்றிக்கொள்ளுங்கள்.