தோட்டத்து வீடுகளுக்கு வந்த தெய்வப் படங்கள்



கூலிம், பாடாங் செராய், பீடோங், சுங்கைப் பட்டாணி வட்டாரத் தோட்டங்களின் பழைய லயத்து வீடுகளில், சாமி மேடைக்கு மேல் கண்ணாடிச் சட்டமிட்ட படங்கள் தொங்கின. தாமரைமேல் நிற்கும் இலக்குமியும் மயில்மேல் அமர்ந்த முருகனும் சாம்பிராணிப் புகை படிந்து மங்கியிருந்தனர். அப்படங்களின் மூலம் 19ஆம் நூற்றாண்டின் கல்லச்சுக் கலையாகும்.

பவேரியாவில் செனிபெல்டர் என்பார் 1790களின் பிற்பகுதியில் கண்ட முறை அது. வழவழப்பாக்கிய சுண்ணாம்புக் கல்லின்மேல் கொழுப்புச் சேர்ந்த மையால் உருவம் வரைவர். பின் கல்லை நனைப்பர். நீர் வெற்றிடத்தில் நிற்கும். உருளையால் தடவும் மையோ கொழுப்புள்ள கோட்டில் மட்டுமே பற்றும். ஒரு வண்ணத்திற்கு ஒரு கல். ஒவ்வொரு கல்லிலும் அதே தாளை மயிரிழை பிசகாமல் பொருத்த வேண்டும். பிசகினால் அம்பாளின் உதட்டுச் சிவப்பு கன்னத்தில் விழும். எல்லாம் முடிந்தபின் மெருகெண்ணெய் பூசினால், தைல ஓவியம்போல் மின்னும்.

கிளிமானூரில் 1848இல் பிறந்த ஓவியர் இராஜா ரவிவர்மா, 1894இல் பம்பாயில் அச்சகம் நிறுவி, இத்தொழிலைத் தெய்வ உருவங்களுக்குப் பெருமளவில் பயன்படுத்தினார். பின்னர் லோணாவளா அருகே மாறிய அவ்வச்சகம், ஜெர்மானியர் ஒருவர் கைக்குப் போய், 1972இல் தீக்கிரையாயிற்று. அவருடைய தேவியர் மானிடப் பெண்கள்போல் தோன்றுகின்றனர் என்று குறை கூறுவோர் உண்டு. சிற்ப சாத்திரம் நோக்க, அது பொருந்தும் குறையே. எனினும் அப்படம் யார் வீட்டுக்குப் போயிற்று என்பதையும் எண்ணல் வேண்டும்.

தோட்டங்களுக்கு வந்தோரில் பலர், பிறந்த ஊரின் கோயிலுக்குள் நுழைய உரிமை மறுக்கப்பட்ட குலத்தினர். மதுரை மீனாட்சியம்மன் ஆலயம் அவர்களுக்குத் திறந்தது 1939 ஜூலையில். தோட்டங்களுக்கு ஆள் அனுப்புவதை இந்திய அரசு தடுத்ததோ 1938இல். கதவு திறக்கும் முன்னரே கடல் கடந்தவர்கள் அவர்கள். கருவறையில் காணக் கிடைக்காத திருமுகத்தை, கடையில் வாங்கிய காகிதத்தில் கண்ணோடு கண் நோக்கி வணங்கினர். அத்தாள் எவரையும் குலம் கேட்கவில்லை.

இரப்பர் போய்ச் செம்பனை வந்தபின் குடும்பங்கள் பல நகரங்களுக்குப் பெயர்ந்தன. பழைய படங்கள் மரத்தடியிலும் ஆற்றிலும் விடப்படுகின்றன. பழுதுற்றதை நீரில் விடுதல் மரபுதான். ஆயினும் அன்பர்கள் அதற்கு முன் சட்டத்தைக் கழற்றி, படத்தின் அடி ஓரத்தைப் பார்க்க வேண்டும். அங்கே சிறிய எழுத்தில் அச்சகத்தின் பெயர் இருக்கலாம். ரவிவர்மா அச்சகத்தின் பெயரோ, வேறு பழைய அச்சகத்தின் பெயரோ காணப்படின், அதை வெயில்படாத உலர்ந்த இடத்தில் வைத்து, ஆலய நிர்வாகத்திடம் தெரிவிப்பார்களாக.