கல்லோயாவின் கற்களும் களிறுகளும்



மட்டக்களப்பு வாவியின் கீழ்க்கரையை எழுவான்கரை என்றும், மேல்கரையைப் படுவான்கரை என்றும் வழங்குகின்றோம். படுவான்கரை வட்டைகளுக்கு அப்பால் மேற்கே நோக்கினால், கருங்கற் குன்றுகள் தனித்தனியே எழுந்து நிற்பதைக் காணலாம். கொண்டை முடிந்தாற் போன்று நிற்கும் குடும்பிமலை அவற்றுள் ஒன்று. பதுளை வீதியிலே மகா ஓயாவுக்குச் சென்றால், நிலத்தினின்றும் வெந்நீர் ஊறுவதையும் பார்க்கலாம். இவ்விரண்டையும் சேர்த்து எண்ணும் மாணவர், "ஐயா, எங்கள் மலைகளும் ஒரு காலத்தில் எரிமலைகளா?" என்று கேட்பதுண்டு. நல்ல வினா. அதற்கு விடை காண விரும்புவோர் கல்லோயா தேசியப் பூங்காவுக்கு ஒரு முறை சென்று வருதல் நன்று.

கல்லடிப் பாலத்தைக் கடந்து, களுவாஞ்சிகுடி, கல்முனை வழியாகக் காரைதீவை அடைந்து, அங்கிருந்து மேற்கே திரும்பினால், சம்மாந்துறையின் நெல்வயல்களும் அதன்பின் அம்பாறையும் வரும். அம்பாறைக்கு அப்பால் இங்கினியாகலை. அங்கே இரு குன்றுகளுக்கு இடையே அணை கட்டிக் கல்லோயாவை மறித்திருக்கின்றார்கள். நம் முன்னோர் பட்டிப்பளை ஆறு என்று அழைத்த ஆறே அது. 1949ஆம் ஆண்டில் தொடங்கிய அந்த வேலையின் பயனாக உருவானதே சேனநாயக்க சமுத்திரம். நாட்டின் முதற் பிரதமர் டி. எஸ். சேனநாயக்கவின் பெயரைத் தாங்கும் இந்நீர்த்தேக்கம் ஏறக்குறைய 95 கோடிக் கனமீற்றர் நீரைக் கொள்ளவல்லது. அதன் நீரேந்து பகுதியைக் காக்கும் பொருட்டு 1954ஆம் ஆண்டு தேசியப் பூங்கா அமைக்கப்பட்டது. அதன் பரப்பு ஏறக்குறைய 26,000 ஹெக்டேயர்.

படகிலேறி நீரின் நடுவே சென்றால், சுற்றிலும் மொட்டைப் பாறைகளும் குன்றுகளும் தெரியும். இவை எரிமலை கக்கிய குழம்பு உறைந்து உண்டானவை அல்ல. பூமியின் ஆழத்திலே, பெரு வெப்பமும் பேரமுக்கமும் தாக்க, பழைய பாறைகள் உருமாறிப் பிறந்தவை. ஏறக்குறைய 55 கோடி ஆண்டுகளுக்கு முன், இலங்கையும் இந்தியாவும் ஆபிரிக்காவும் அந்தாட்டிக்காவும் கொண்டுவானா என்னும் பெருங்கண்டமாக ஒன்றிணைந்த காலத்தில் அம்மாற்றம் நிகழ்ந்தது. பின்னர் மழையும் வெயிலும் ஆறும் மேலிருந்த சுமையை அரித்தகற்ற, கடினமான பகுதிகள் குன்றுகளாய் எஞ்சின. ஆகவே இக்குன்றுகளின் வடிவு தீயினால் வந்ததன்று. பொறுமையுள்ள நீரினால் வந்தது. தென்னாசியாவில் இன்றும் உயிர்ப்புடன் உள்ள எரிமலையைக் காண வேண்டுமாயின், அந்தமான் கடலிலுள்ள பாரன் தீவுக்கே செல்லவேண்டும்.

அவ்வாறாயின் வெந்நீர் எங்ஙனம் வந்தது? திருகோணமலைக் கன்னியாவின் ஏழு கிணறுகளை இராவணன் தன் அன்னையின் கிரியைக்காக உண்டாக்கினான் என்பது கர்ணபரம்பரைக் கதை. புவியியல் கூறுவது வேறு. ஆழம் ஒரு கிலோமீற்றர் கூடுந்தோறும் வெப்பம் ஏறத்தாழ 25 முதல் 30 பாகை சதமம் வரை உயரும். பாறை வெடிப்புகளின் வழியே கீழிறங்கிய மழைநீர் அங்கே சூடாகி, வேறொரு வெடிப்பின் வழியே மேலேறி வருகின்றது. மலைநாட்டுப் பாறைத் தொகுதியும் கீழ்நாட்டு விஜயன் தொகுதியும் சந்திக்கும் எல்லையை ஒட்டியே நம் வெந்நீரூற்றுகள் பெரும்பாலும் அமைந்துள்ளன.

இனி, உயிர்களைப் பார்ப்போம். இப்பூங்காவின் மேற்குப் புறத்திலே உயர்ந்த புல்வெளிகளிடையே கடுக்காய், தான்றி, நெல்லி மரங்கள் நிற்கின்றன. நம் வைத்தியர் போற்றும் திரிபலா இங்கே காடாகவே இருக்கின்றது. மான், மரை, கரடி, சிறுத்தை ஆகியன உண்டு. நீர்நடுவே உள்ள தீவுகளில் பறவைகள் கூடு கட்டுகின்றன. எல்லாவற்றிலும் வியப்பானது, யானைகள் ஒரு தீவிலிருந்து மறு தீவுக்கு நீந்திச் செல்லும் காட்சி. துதிக்கையை நீருக்கு மேலே உயர்த்தி, தாய்க்கு அருகே கன்று நீந்தும்.

ஆனால், நேயர்களே, யானை ஏன் நீந்துகின்றது என்பதையும் எண்ணுதல் வேண்டும். அத்தீவுகள் ஒரு காலத்தில் மலைகளின் உச்சிகள். அவற்றின் அடிவாரக் காடுகள் நீரின் கீழே கிடக்கின்றன. அப்பள்ளத்தாக்கில் வாழ்ந்த வேடரும் தம் இடங்களை இழந்தனர். 1956ஆம் ஆண்டின் கலவரத்தில் இக்குடியேற்றப் பகுதியிலே தமிழர் பலர் உயிரிழந்ததையும் வரலாறு மறைக்காது. சோறு தரும் இந்நீருக்குப் பலர் விலை கொடுத்திருக்கின்றனர்.

யானையும் அவ்விலையை இன்றுவரை கொடுக்கின்றது. படுவான்கரை உழவனும் கொடுக்கின்றான். வெல்லாவெளியிலும் பட்டிப்பளையிலும் வவுணதீவிலும் வேளாண்மை கதிர் தள்ளும் வேளையில், பரணிலே விழித்திருக்கும் தந்தையின் பிள்ளை மறுநாள் வகுப்பிலே கண்ணயர்கின்றது. 2011ஆம் ஆண்டுக் கணக்கெடுப்பில் நாட்டிலுள்ள யானைகள் 5,879. 2023ஆம் ஆண்டில் மட்டும் 470க்குக் குறையாத யானைகள் மாண்டன. 150க்கு மேற்பட்ட மனிதரும் மாண்டனர்.

யானைகளைக் காட்டுக்குள் துரத்தி வேலியடைத்தல் எளிய வழியாகத் தோன்றும். ஆயின் நாட்டின் யானைகளிற் பெரும்பாலானவை பூங்காக்களுக்கு வெளியே, மனிதர் வாழும் நிலங்களிலேயே திரிகின்றன. வன எல்லையில் இட்ட வேலிக்கு இருபுறமும் யானை நிற்கின்றது! ஆதலால் ஆய்வாளர் வேறு வழி கூறுகின்றனர்: காட்டைச் சுற்றியன்று, கிராமத்தைச் சுற்றியும் விளைநிலத்தைச் சுற்றியும் மின்வேலி இடுக, வயல்வேலியை விதைப்பு முதல் அறுவடை வரை வைத்திருந்து, பின் அகற்றி, அரிதாளை யானைக்கு விடுக. வேலியைப் பேணும் பொறுப்பை ஊரவரே ஏற்றாலன்றி இது நிலைக்காது.

கல்லோயாவுக்குப் பிள்ளைகளை அழைத்துச் செல்லும் பெற்றோருக்கும் ஆசிரியருக்கும் ஒரு சொல். யானையைக் காட்டுவதோடு நின்றுவிடாதீர்கள். அணைக்குக் கீழே விரியும் வயல்களையும் காட்டுங்கள். அதே நீரைக் குடிக்கும் இரு குடிகள் நாம் என்பதை அவர்கள் உணரட்டும்.