மறுவாசிப்பு எனும் மயக்கம்

வெளிநாட்டில் மருத்துவம் படித்துத் திரும்பும் நம் பிள்ளைகள், இங்கே மருத்துவராகப் பதிவு பெறப் பொதுவாக எஃப்.எம்.ஜி.இ. என்னும் தகுதித் தேர்வை எழுதியாக வேண்டும். 2002 முதல் நடந்துவரும் தேர்வு இது. 300 கேள்விகளில் 150-க்குச் சரியான விடை எழுதினால் தேர்ச்சி. தவறுக்கு மதிப்பெண் குறைப்பதில்லை. ஆனாலும் எழுதுவோரில் பெரும்பாலோர் வழக்கமாகத் தோற்கிறார்கள். கல்லூரியின் தரம், நோயாளிகளோடு பழகப் போதிய வாய்ப்பின்மை என்று காரணங்கள் பல உண்டு. அவற்றுள் மாணவரே மாற்றிக்கொள்ளக்கூடியது படிக்கும் முறை. குறிப்பேட்டைத் திரும்பத் திரும்ப வாசிப்பதைவிட, அதை மூடிவைத்துவிட்டுத் தன்னைத்தானே கேள்வி கேட்டுக்கொள்வது மேல் என்பது என் வாதம்.

இதற்கு ஆதாரம் இருக்கிறது. 2006-இல் ரோடிகர், கார்பிக் என்ற இரு அமெரிக்க உளவியலாளர்கள் ஓர் ஆய்வை வெளியிட்டார்கள். ஒரு பகுதியை நான்கு தடவை வாசித்தவர்கள், ஐந்து நிமிடத்துக்குப் பின் நடந்த சோதனையில் முந்தினார்கள். ஒரு வாரம் கழித்தோ அவர்களுக்கு நினைவிருந்தது சுமார் 40 விழுக்காடு; ஒரு தடவை வாசித்து, மூன்று தடவை நினைவிலிருந்து எழுதிப் பார்த்தவர்களுக்குச் சுமார் 61. இதில் என்னை உறுத்துவது வேறொன்று: நன்றாக நினைவிருக்கும் என்று கூடுதலாக நம்பியவர்கள், நான்கு தடவை வாசித்தவர்கள்தாம். கண்ணுக்குப் பழகிய பக்கம் தெரிந்த பக்கமாகத் தோன்றிவிடுகிறது.

கேள்வித் தொகுப்புகளை உருப்போட்டவர் நல்ல டாக்டர் ஆகிவிடுவாரா என்று கேட்பீர்கள். விடையை மட்டும் உருப்போட்டால் ஆகமாட்டார்தான். டெங்குவை எடுத்துக்கொள்ளுங்கள். காய்ச்சல் தணியும் நேரத்தில்தான் ஆபத்தான கட்டம் தொடங்குகிறது என்பது பாடநூலில் ஒரு வரி. காய்ச்சல் விட்ட சிறுவனுக்கு வயிற்று வலி, ஓயாத வாந்தி. வீட்டுக்கு அனுப்பலாமா என்று கேட்டால் அந்த வரி மருத்துவ முடிவாக மாறியாக வேண்டும். ஏன் அனுப்பக்கூடாது, மற்ற விடைகள் ஏன் தவறு என்று காரணம் சொல்லிப் பழகுவதே பயிற்சி. அடிப்படையே தெரியாதவர் முதலில் பாடத்தைப் படித்துத்தான் தீரவேண்டும், அதை மறுப்பதற்கில்லை. ஆனால் முழுப் பாடத்தையும் முடித்த பிறகு கேள்விகளைத் தொடலாம் என்று காத்திருப்பவருக்குத் தேர்வுத் தேதி வந்துவிடுகிறது. ஒரு பாடம் முடிந்த அன்றே இருபது கேள்விகள், தவறியவை அடுத்த வாரம் மறுபடியும். இதற்குப் புதிய புத்தகமோ பயிற்சி மையமோ தேவைப்படாது.