கீமோ போர்ட் வைக்கச் சொன்னால்

(நம் சங்கத்தின் காலாண்டுக் கூட்டத்தில், ஓய்வுபெற்ற செவிலியரான உறுப்பினர் ஒருவர் பேசியதன் எழுத்து வடிவம்)

செயலாளர் பத்து நிமிஷம் கொடுத்திருக்கிறார். தண்ணீர் வரிப் பிரச்சினை எனக்கு அடுத்து இருப்பதால் நேரத்துக்குள் முடித்துவிடுகிறேன்.

புற்றுநோய் வார்டில் வேலை பார்த்தவள் என்பதால் என்னிடம் அடிக்கடி வரும் கேள்வி இது: "அக்கா, நெஞ்சில் ஏதோ பெட்டி வைக்கணும்னு டாக்டர் சொல்றார். அப்ப நோய் முத்திப்போச்சா?" இல்லை. நோயின் கட்டத்துக்கும் போர்ட்டுக்கும் சம்பந்தம் இல்லை. உங்கள் கை நரம்பைக் காப்பாற்றத்தான் அதை வைக்கிறார்கள்.

கீமோ மருந்துகள் சில மிகக் காட்டமானவை. சிவப்பு மருந்து என்று நோயாளிகள் சொல்லும் டாக்ஸோரூபிசின், அப்புறம் வின்கிறிஸ்டின் போன்றவை நரம்பை விட்டு வெளியே கசிந்தால் அந்த இடத்துச் சதையே புண்ணாகி அழிந்துவிடலாம். கசியாவிட்டாலும் திரும்பத் திரும்ப ஏற்றினால் கை நரம்பு கயிறு மாதிரி இறுகிப்போகும். நாலாவது தடவை போகும்போது ஊசி குத்த இடம் கிடைக்காமல் இரண்டு கையிலும் தேடுவார்கள். அந்த வேதனையைப் பார்த்தவர்களுக்குத்தான் போர்ட்டின் அருமை தெரியும்.

நம் திருச்சுழியில் 1879-ல் பிறந்த ரமண மகரிஷிக்கு இடது கையில் வந்த கட்டியும் புற்றுநோய்தான், சார்கோமா. 1949-ல் நான்கு முறை அறுவை செய்தார்கள். 1950 ஏப்ரலில் மறைந்தார். கீமோ என்பதே அப்போதுதான் வெளிநாட்டில் தொடங்கியிருந்தது. தோலுக்கு அடியில் முழுதாகப் புதைக்கும் போர்ட் 1980-களில்தான் வந்தது.

போர்ட் என்பது ஏறக்குறைய ஒரு ரூபாய் நாணய அகலத்தில் ஒரு சின்னக் குப்பி. டைட்டேனியத்திலோ பிளாஸ்டிக்கிலோ செய்திருப்பார்கள். மேலே சிலிக்கான் மூடி, பக்கத்தில் மெல்லிய குழாய். குப்பி காறை எலும்புக்குக் கீழே தோலுக்கு அடியில் உட்காரும். குழாய் கழுத்து நரம்பு வழியாக இதயத்துக்குப் பக்கத்தில் உள்ள பெரிய நரம்பு வரை போகும். அங்கே ரத்த ஓட்டம் அதிகம் என்பதால் மருந்து உடனே கலந்துவிடும். மார்பகப் புற்றுநோய் என்றால் பெரும்பாலும் நோய் இல்லாத பக்கத்தில் வைப்பார்கள்.

வைக்கும் நாளில் என்ன நடக்கும்? முன்னதாக ரத்தப் பரிசோதனை உண்டு. தட்டணுக்கள் எவ்வளவு, ரத்தம் உறையும் நேரம் எவ்வளவு என்று பார்ப்பார்கள். ஆஸ்பிரின், க்ளோபிடோக்ரெல், வார்ஃபரின் மாதிரி மாத்திரை சாப்பிட்டால் கட்டாயம் சொல்லுங்கள். நீங்களாக நிறுத்தவும் வேண்டாம். பெரியவர்களுக்குப் பெரும்பாலும் அந்த இடத்தை மட்டும் மரத்துப்போகச் செய்து, லேசான மயக்கம் கொடுப்பார்கள். குழந்தைகளுக்கு முழு மயக்கம். ஸ்கேன் பார்த்து நரம்பைப் பிடித்து, குழாய் நுனி சரியான இடத்தில் இருக்கிறதா என்று எக்ஸ்ரேயில் உறுதி செய்வார்கள். எல்லாம் சேர்ந்து ஒரு மணி நேரம் போல ஆகும். வலி தெரியாது, அழுத்துவதும் இழுப்பதும் தெரியும். அது சகஜம், பயப்படாதீர்கள். பலர் அன்றே வீட்டுக்கு வந்துவிடுவார்கள்.

அதற்கப்புறம் சில நாள் கழுத்து திருப்ப இழுக்கும், கண்ணிப்போயிருக்கும். தையல் ஆறும்வரை அந்த இடம் நனையக் கூடாது. நம்ம ஊர் வெயிலில் வியர்வையிலேயே கட்டு ஊறிப்போகும், ஊறினால் மாற்றச் சொல்லுங்கள். டாக்டர் சரி என்று சொல்லும்வரை குடம் தூக்குவது, இருபது லிட்டர் தண்ணீர் கேன் தூக்குவது கூடாது. இதைப் பெண்கள் கேட்பதே இல்லை! வீட்டில் உள்ள ஆண்களுக்குத்தான் சொல்கிறேன். முன்பக்கம் திறக்கும் தளர்வான சட்டையோ ரவிக்கையோ போடுங்கள். தாலிச் சங்கிலி உரசினால் சின்னத் துணி வைத்துக்கொள்ளலாம். மதுரைக்குப் பஸ்ஸில் குலுங்கிப் போனால் போர்ட் நகர்ந்துவிடுமோ என்று கேட்கிறார்கள். நகராது.

ஹூபர் ஊசி என்று தனி ஊசி இருக்கிறது. அதால்தான் போர்ட்டில் குத்த வேண்டும். சாதாரண ஊசி சிலிக்கான் மூடியைக் குடைந்து ஓட்டையாக்கிவிடும். அவசரத்துக்குத் தெரு முனை கிளினிக்கில் அந்த இடத்தில் குளுக்கோஸ் ஏற்ற விடாதீர்கள். மருந்து ஏறும்போது எரிச்சல், வீக்கம் தெரிந்தால் "தாங்கிக்கிறேன்" என்று உட்காராமல் உடனே நர்ஸைக் கூப்பிடுங்கள்.

இனி சொல்வதைத் தயவுசெய்து குளிர்சாதனப் பெட்டியில் எழுதி ஒட்டுங்கள். கீமோ நாட்களில் காய்ச்சல் 100.4 டிகிரியைத் தொட்டால், ராத்திரி ரெண்டு மணியானாலும் மருத்துவமனைக்குப் போக வேண்டும். பாராசிட்டமால் போட்டு விடியட்டும் என்று காத்திருக்கக் கூடாது. வெள்ளை அணுக்கள் குறைந்திருக்கும் நேரத்தில் போர்ட்டில் கிருமி சேர்ந்தால் சில மணி நேரத்தில் உயிருக்கே ஆபத்தாகும். போர்ட்டில் மருந்தோ ஃப்ளஷ்ஷோ செலுத்திய சிறிது நேரத்தில் குளிர் நடுக்கம் வந்தாலும் அதே அவசரம்தான். போர்ட் மேல் சிவந்து சீழ் வந்தாலும், அந்தப் பக்கக் கையோ கழுத்தோ முகமோ வீங்கினாலும் அன்றே காட்டுங்கள், ரத்தக் கட்டி அடைத்திருக்கலாம். மூச்சு வாங்கினால் 108-ஐக் கூப்பிடுங்கள். மதுரையில் சிகிச்சை எடுப்பவர்கள் ராத்திரியில் எங்கே போவது என்பதை, முதல் கீமோவுக்கு முன்பே டாக்டரிடம் கேட்டு வைத்துக்கொள்ளுங்கள். விருதுநகரில் 2022-ல் அரசு மருத்துவக் கல்லூரி வந்துவிட்டது, அங்கே முதலில் போகலாமா என்று கேளுங்கள்.

எல்லாருக்கும் போர்ட் தேவையில்லை. நல்ல நரம்பு, குறைந்த தடவை கீமோ என்றால் கையிலேயே சமாளிக்கலாம். "எனக்கு அவசியமா?" என்று கேட்பதில் தப்பில்லை. முதலமைச்சர் காப்பீட்டு அட்டை வைத்திருப்பவர்கள் போர்ட்டின் விலையும் அதில் அடங்குமா என்று சேரும் முன்பே மருத்துவமனைக் காப்பீட்டுப் பிரிவில் விசாரியுங்கள்.

கீமோ முடிந்த பிறகும் போர்ட் இருந்தால், டாக்டர் சொல்லும் இடைவெளியில் ஃப்ளஷ் செய்ய வேண்டும். வழக்கமாக மாதம் ஒருமுறை, சில இடங்களில் இன்னும் தள்ளி வைக்கிறார்கள். ஊருக்குப் போன சந்தோஷத்தில் இதை மறப்பவர்கள் அதிகம். போர்ட் அட்டையைப் பர்ஸில் வையுங்கள். ஸ்கேன் எடுக்கும் இடத்தில் கேட்பார்கள், ஏனென்றால் சிடி ஸ்கேன் மருந்தின் அழுத்தத்தை எல்லாப் போர்ட்டும் தாங்காது. வேலை முடிந்ததும் சின்ன அறுவையில் எடுத்துவிடுவார்கள்.

சங்க அலுவலகத்தில் டிஜிட்டல் தெர்மாமீட்டர் ஒன்று இருக்கிறது. எந்த நேரமும் வாட்ச்மேனிடம் கேட்டு வாங்கிக்கொள்ளலாம், திருப்பிக் கொடுத்துவிடுங்கள்.